தனுஷ்கோடி ஓர் இடம், சரி. ‘சிச்சுவேஷன்’ ஓர் இடமா?

கேள்வி, 19.4.2025

டீச்சர், பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ‘ஹூ’, பொருளுக்கு ‘விச்’, இடத்துக்கு ‘வேர்’, நேரத்துக்கு ‘வென்’ என்று படித்தோம். இன்றுவரை அதை வைத்துத்தான் ஓட்டுகிறேன். ஆனால் ஆபீஸ் மெயிலில் எல்லாரும் ‘எ சிச்சுவேஷன் வேர்’, ‘எ கேஸ் வேர்’ என்று எழுதுகிறார்கள். சிச்சுவேஷன் ஓர் இடமா? நான் அதை அடித்துவிட்டு ‘விச்’ போட்டேன், மேலாளர் மறுபடி ‘வேர்’ ஆக்கிவிட்டார். யார் சரி?

19.4.2025, இரவு

மேலாளர்தான் சரி, தம்பி. தப்பு அந்த வாய்ப்பாட்டில் இருக்கிறது.

இன்றைக்கு சாயங்காலம் பாம்பனில் என் ட்யூஷனில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதிக் காட்டியது இது: ‘தனுஷ்கோடி இஸ் எ ப்ளேஸ் வேர் டிஸ்ட்ராய்ட் இன் 1964’. தனுஷ்கோடி இடம்தான். வாய்ப்பாட்டின்படி ‘வேர்’ போட்டிருக்கிறான். வாக்கியம் உடைந்து கிடக்கிறது. ‘விச் வாஸ் டிஸ்ட்ராய்ட்’ என்று வர வேண்டும். இடத்துக்கு ‘வேர்’ என்றால் இது ஏன் உடைந்தது?

இப்போது மீன்பிடித் தடைக்காலம். கரை முழுக்க வலை பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் அப்பா வலையை மடியில் இழுத்துப் போட்டதும் முதலில் கிழிசலை விரித்துப் பார்ப்பார். அந்தக் கண் எத்தனை பெரிது, பக்கத்து நூல் எவ்வளவு தடிமன் என்று பார்த்த பிறகுதான் ஊசியில் நூல் கோப்பார். அது நண்டு வலையா, வேறு வலையா என்று வலையின் பேரைக் கேட்டு நூல் எடுத்ததில்லை. இதுவும் அப்படித்தான். முன்னால் நிற்கிற பெயரைப் பார்க்கக் கூடாது. பின்னால் வரும் வாக்கியத்தில் எது காலியாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

‘டிஸ்ட்ராய்ட் இன் 1964’: எது அழிந்தது? தனுஷ்கோடி அழிந்தது. காலியாக இருப்பது எழுவாய். உருபு எதுவும் இல்லை, ஆகவே ‘விச்’. ‘தேர் வாஸ் எ ஸ்டேஷன்’: எங்கே ஸ்டேஷன் இருந்தது? தனுஷ்கோடியில். இங்கே காலியாக இருப்பது ‘தனுஷ்கோடியில்’. அந்த ‘இல்’லையும் சேர்த்துச் சுமக்கிற சொல் ‘வேர்’. ஆகவே ‘தனுஷ்கோடி, வேர் தேர் வாஸ் எ ஸ்டேஷன்’.

ஊர் ஒன்றே. ஒரு வாக்கியத்தில் ‘விச்’, இன்னொன்றில் ‘வேர்’.

உங்கள் சிச்சுவேஷனுக்கு வருவோம். ‘எ சிச்சுவேஷன் வேர் நோபடி ஆன்சர்ஸ்.’ யாரும் பதில் சொல்வதில்லை. எதில்? அந்த நிலைமையில். ‘இல்’ வந்துவிட்டது, ‘வேர்’ வரலாம். நீங்கள் மாற்றிய ‘எ சிச்சுவேஷன் விச் நோபடி ஆன்சர்ஸ்’ என்றால், அந்த நிலைமை ஏதோ கேள்வி கேட்டதுபோலவும் அதற்கு யாரும் பதில் சொல்லாததுபோலவும் ஆகிவிடும். ‘விச்’ வேண்டும் என்றால் ‘இன் விச்’ என்று எழுதுங்கள், சரியாகிவிடும்.

20.4.2025

‘இல் வந்தால் வேர், அவ்வளவுதானா?’ என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய அவ்வளவுதான். ‘க்கு’ வந்தாலும் உண்டு: ‘தி வில்லேஜ் வேர் வி வென்ட்’, நாங்கள் போன கிராமம்.

22.4.2025

நேற்று முன்தினம் ‘அவ்வளவுதான்’ என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பரமக்குடியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘ராமேஸ்வரத்துக்குப் போனேன் என்பதை ஐ விசிட்டட் ராமேஸ்வரம் என்கிறோம். தமிழில் க்கு வருகிறது. அப்படியானால் தி ப்ளேஸ் வேர் ஐ விசிட்டட் சரியா?’ சரியில்லை. ‘தி ப்ளேஸ் ஐ விசிட்டட்’ என்றோ ‘தட் ஐ விசிட்டட்’, ‘விச் ஐ விசிட்டட்’ என்றோதான் வரும். ‘விசிட்’ நேராகச் செயப்படுபொருளைப் பிடிக்கும் வினை. அதற்கும் ஊருக்கும் நடுவே ஒன்றும் நிற்காது. ‘என்டர்’, ‘ரீச்’ இரண்டும் அப்படியே. நாம் அறைக்குள் நுழைகிறோம், கரைக்கு வந்து சேருகிறோம். அவர்கள் உருபு இல்லாமல் நுழைகிறார்கள், சேருகிறார்கள்.

ஆகவே காலியிடத்தைத் தமிழில் நிரப்பிப் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஆங்கிலத்திலேயே நிரப்ப வேண்டும். முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது. மண்டபத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ‘பேனாவில் எழுதினேன், பஸ்ஸில் வந்தேன், தமிழில் எழுதினேன். எல்லாம் இல்தான். தி பென் வேர் ஐ ரோட் என்று எழுதலாமா?’ எழுதக் கூடாது. பேனாவை ‘வித்’ என்று ஒதுக்கிவிடலாம், நம்முடைய ‘இல்’ கருவிக்கும் வருவதால் வந்த குழப்பம் அது. தமிழை ஒதுக்க முடியாது. ஆங்கிலத்திலும் ‘இன் தமிழ்’ என்றுதான் சொல்கிறோம். அப்படியும் ‘தி லாங்குவேஜ் வேர் ஐ ரோட்’ வராது. ‘இன் விச்’ மட்டுமே வரும்.

யோசித்துப் பார்த்ததில் இப்படிப் பிரிகிறது. ‘எதில்’ என்று கேட்டால் வருவது ‘இன் விச்’. ‘எங்கே’ என்று கேட்டால் வருவது ‘வேர்’. எங்கே எழுதினாய் என்று கேட்டால் திண்ணையில் என்று சொல்வோம், தமிழில் என்று சொல்ல மாட்டோம். ஆனால் ‘இந்த விஷயத்தில் இப்போ எங்கே நிற்கிறோம்?’ என்று கேட்டால் ‘மனு கொடுத்த கட்டத்தில் நிற்கிறோம்’ என்று பதில் சொல்லலாம். கட்டம், நிலைமை, கேஸ் எல்லாம் நிற்கக்கூடிய இடங்கள். மொழியும் பேனாவும் அப்படி இல்லை. ‘வேர்’ வரும் இடங்களில் பெரும்பாலும் ‘இன் விச்’, ‘அட் விச்’ போன்றவற்றில் ஒன்றைப் போட்டுவிடலாம். ‘இன் விச்’ வரும் இடமெல்லாம் ‘வேர்’ வராது.

26.4.2025

தமிழ்ப் பக்கத்தைப் பார்க்காமல் இதைப் பேசுவது பாதிப் பேச்சு.

நமக்கு ‘வேர்’, ‘விச்’ எதுவும் இல்லை. பெயரெச்சம் ஒன்று இருக்கிறது, அது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. தொல்காப்பியம் இதை ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறது: ‘செய்யும்’, ‘செய்த’ என்ற வாய்பாடுகள் நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்ற ஆறுக்கும் ஒரே மாதிரி உரிமை உடையவை. நன்னூலும் அந்த ஆறைச் சொல்கிறது. கல்லூரியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு உறைக்கவில்லை. கரையில் உட்கார்ந்து பார்த்தபோது உறைத்தது.

வலை வீசிய கடல். வலை வீசிய நாள். வலை வீசிய கை. வலை வீசிய ஆள். வீசிய வலை. வீசிய வீச்சு.

ஆறிலும் ‘வீசிய’ ஒன்றுதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை. இதையே ஆங்கிலத்தில் சொல்ல ஐந்து கயிறு வேண்டும்: கடலுக்கு ‘வேர்’, நாளுக்கு ‘வென்’, கைக்கு ‘வித் விச்’, ஆளுக்கு ‘ஹூ’, வலைக்கும் வீச்சுக்கும் ‘தட்’. நம் பிள்ளைகள் ஒரு கயிற்றில் ஆறு படகு கட்டிப் பழகியவர்கள். அங்கே போனதும் ஐந்து கயிறு கேட்கிறார்கள். அவர்கள் தடுமாறுவதைச் சோம்பல் என்று திட்டும் ஆசிரியர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. இதைச் சொல்லிக் கொடுத்தால் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். சொல்லிக் கொடுப்பதில்லை.

நம் ஒரு கயிற்றுக்கும் விலை உண்டு. ‘மீன் வாங்கிய ஆள்’ யார்? காசு கொடுத்து வாங்கிப் போனவரா, நாம் யாரிடம் வாங்கினோமோ அவரா? ஏலம் நடக்கிற இடத்தில் நின்று கேட்டால் சந்தர்ப்பம் சொல்லிவிடும். காகிதத்தில் எழுதினால் சொல்லாது.

27.4.2025

காகிதம் என்று எழுதியதும் ஒரு பழைய விஷயம் கிளறிவிட்டது.

சில வருஷங்களுக்கு முன், வாடைக் காற்று அடிக்கிற மாதம். என் தம்பியின் நாட்டுப்படகு பாம்பன் தெற்குவாடியில் கட்டிக் கிடந்தது. ராத்திரிக் காற்றில் நங்கூரக் கயிறு அறுந்து படகு போய்விட்டது. இரண்டு நாள் கழித்துக் குருசடைத் தீவுப் பக்கம் பாரில் (கடலடிப் பாறையில்) மோதி, அணியம் (படகின் முன்பக்கம்) பிளந்து கிடந்ததை வேறு படகுக்காரர்கள் பார்த்துச் சொன்னார்கள். நிவாரணம் கேட்டு ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தோம். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு கட்டத்தில் ‘ப்ளேஸ் வேர் போட் வாஸ் லாஸ்ட்’.

நான்தான் நிரப்பினேன். ‘லாஸ்ட்’ என்றால் கப்பல் விஷயத்தில் உடைந்து அழிந்துபோவது என்ற பொருளும் ஆங்கிலத்தில் உண்டு. அதை நினைத்துக் ‘குருசடை அருகே’ என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. படகு தெற்குவாடியில் இருந்ததாக மற்றக் காகிதங்கள் சொல்கின்றன, இங்கே வேறு இடம் இருக்கிறது, விளக்கம் கொடு என்றார்கள். அவர்கள் கேட்டது காணாமல் போன இடம்.

அதற்குள் தம்பி கூலிக்கு வேறு படகில் ஏறிவிட்டான். எல்லாம் முடிய நாலு மாதம் ஆனது.

இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை. அந்தச் சம்பவத்தில் மூன்று இடங்கள் இருக்கின்றன. படகு எங்கிருந்து போனதோ அந்த இடம், எதில் மோதி உடைந்ததோ அந்த இடம், எங்கே கண்டெடுத்தார்களோ அந்த இடம். ‘ஃப்ரம் விச் தி போட் ட்ரிஃப்டட்’ என்று கேட்டிருந்தால் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. ‘வேர்’ அந்த மூன்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டது. கடைசியில் தனித் தாளில் மூன்று வரி எழுதி, வரிக்கு ஓர் இடம் சொல்லி இணைத்தோம். அதற்கப்புறம் ஒரு கேள்வியும் வரவில்லை.

யாருக்காவது படிவம் நிரப்பும்போது ‘வேர்’ கண்ணில் பட்டால், அது ‘எங்கே’யா ‘எங்கிருந்து’வா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இதை நான் வேண்டிக் கேட்கிறேன்.

28.4.2025

நேற்று நான் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். தமிழ்ப் படிவமாக இருந்தால் தப்பியிருப்போம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தப்பியிருக்க மாட்டோம். ‘படகு தொலைந்த இடம்’ என்று அச்சடித்திருந்தாலும் இதே குழப்பம்தான். பெயரெச்சம் ‘எங்கிருந்து’வைச் சொல்லத் தடுமாறும். ‘நான் வந்த ஊர்’ என்றால் வந்து சேர்ந்த ஊர் என்றுதான் முதலில் தோன்றும். புறப்பட்ட ஊரைச் சொல்ல ‘நான் எங்கிருந்து வந்தேனோ அந்த ஊர்’ என்று சுற்றித்தான் வர வேண்டும். ‘மீன் வாங்கிய கடை’ மட்டும் பிழைத்துக்கொள்கிறது, கடையிலிருந்து வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லாததால்.

3.5.2025

பாலம் பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். போன மாதம் 6-ம் தேதி புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. வந்த வாக்கியங்களில் பாதி இப்படி: ‘பாம்பன் பிரிட்ஜ் இஸ் எ பிரிட்ஜ் வேர் ட்ரெயின்ஸ் கோ’, ‘எ பிரிட்ஜ் வேர் ஷிப்ஸ் கோ’.

புரியாமல் இல்லை, புரிகிறது. ஆனால் படம் வரவில்லை. ரயில் மேலே போகிறது, கப்பல் கீழே போகிறது. அதுதானே அந்தப் பாலத்தின் பெருமையே. நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே நேராக 17 மீட்டர் வரை மேலே எழும்பி வழி விடுகிறது. 1914-ல் திறந்த பழைய பாலம் இரண்டு கையைத் தூக்கிக் கும்பிடுகிற மாதிரித் திறந்து வழி விட்டது. ‘வேர்’ போட்டால் மேலும் இல்லை, கீழும் இல்லை, ஏதோ அந்தப் பக்கம் என்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

மாற்றி எழுதச் சொன்னேன். ‘தி பிரிட்ஜ் ஓவர் விச் ட்ரெயின்ஸ் ரன்.’ ‘தி பிரிட்ஜ் அண்டர் விச் ஷிப்ஸ் பாஸ்.’ ஒரு பெண் எழுந்து, ‘டீச்சர், ரோட்டுப் பாலத்துல நின்னுதானே எல்லாரும் வேடிக்கை பாக்குறோம், அதுக்கு என்ன?’ என்றாள். 1988-ல் வந்த சாலைப் பாலம். ‘தி பிரிட்ஜ் ஃப்ரம் விச் எவ்ரிபடி வாட்சஸ்’. இரண்டு பாலத்தில் மூன்று உருபு கிடைத்தது. அன்றைக்கு வகுப்பு நன்றாக இருந்தது.

பேச்சில் ‘தி பிரிட்ஜ் தட் ஷிப்ஸ் பாஸ் அண்டர்’ என்று கடைசியில் தள்ளிவிடுவார்கள். அதுவும் சரிதான். முன்னால் இழுத்தால் எழுத்து நடை, பின்னால் விட்டால் பேச்சு நடை.

4.5.2025

‘தி ஹவுஸ் வேர் ஐ லிவ் இன்’: தப்பு. ‘வேர்’க்குள்ளேயே ‘இன்’ இருக்கிறது, இரண்டாவது ‘இன்’ வேண்டாம். தமிழில் ‘நான் இருக்கிற வீடு’ என்று ஒன்றுமே போடாமல் பழகியவர்கள், எதையாவது விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் இரண்டு போடுகிறார்கள்.

இதிலேயே இன்னொன்று. ‘தி ப்ளேஸ் ஐ லிவ்’ என்று ‘இன்’ இல்லாமல் பேச்சில் சொல்கிறார்கள். ‘தி ஹவுஸ் ஐ லிவ்’ என்று சொல்ல மாட்டார்கள், அங்கே ‘இன்’ கட்டாயம். ‘ப்ளேஸ்’ என்ற சொல்லுக்கு மட்டும் அந்தச் சலுகை. இடம் என்ற சொல்லே இடத்தைச் சொல்லிவிடுவதால், தனியாக உருபு எதற்கு என்று விட்டுவிட்டார்கள்போல.

11.5.2025

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். மெயில் பெட்டியைத் தேடி ஒரு பட்டியலே அனுப்பியிருக்கிறார். சிச்சுவேஷன் வேர், கேஸ் வேர், ஸ்டேஜ் வேர், பாயிண்ட் வேர் எல்லாம் சரி. ‘தி ரீசன் வேர்’, ‘தி எக்ஸ்டென்ட் வேர்’ ஆகியவையும் அதில் இருக்கின்றன. அவை சரியா என்கிறார்.

இல்லை. காலியிடத்தை ஆங்கிலத்தில் நிரப்பிப் பாருங்கள். ‘இன் திஸ் சிச்சுவேஷன்’, ‘அட் திஸ் ஸ்டேஜ்’ வருகிறது. ரீசனுக்கு ‘ஃபார் திஸ் ரீசன்’ வருகிறது, எனவே ‘ஒய்’ அல்லது ‘ஃபார் விச்’. எக்ஸ்டென்டுக்கு ‘டு திஸ் எக்ஸ்டென்ட்’, எனவே ‘டு விச்’. வேகத்துக்கு ‘அட் விச்’ உண்டு, ஆனால் ‘எங்கே’ என்று கேட்க முடியாது. ஆகவே ‘தி ஸ்பீட் வேர்’ வராது. ‘அதைச் செய்த சுலபம்’ என்பதற்கு ‘தி ஈஸ் வித் விச்’. இவையெல்லாம் அந்தந்தப் பெயரோடு கட்டியே வருபவை. நங்கூரமும் கயிறும் மாதிரி சேர்த்தே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் பிடித்தது, ஒவ்வொரு பெயரையும் அவர்கள் எப்படிப்பட்ட இடமாக நினைக்கிறார்கள் என்று அந்த உருபு காட்டிக்கொடுப்பது. சிச்சுவேஷன் ஒரு பாத்திரம், அதற்குள் இருக்கிறோம்: ‘இன்’. ஸ்டேஜ் ஒரு புள்ளி, அதில் நிற்கிறோம்: ‘அட்’. பேசிஸ், கிரவுண்ட்ஸ் இரண்டும் தரை, அதன் மேல் நிற்கிறோம்: ‘ஆன்’. கண்டிஷன்ஸ் தலைக்கு மேலே தொங்குகிறது: ‘அண்டர்’. நிபந்தனையின் கீழ் வேலை பார்த்தவர்களுக்கு அது புரியும்.

நம்மிடமும் இது உண்டு. ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் இடங்களில் ஊர், வீடு மட்டும் இல்லை. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறும் இடமாக நிற்கலாம் என்கிறது. பேச்சில் கோபம், நடையில் தளர்ச்சி, கடனில் குடும்பம். குணமும் தொழிலும் இடம்தான் என்று நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ ஒப்புக்கொண்டிருக்க, சிச்சுவேஷன் இடமா என்று நாம் சண்டை போடத் தேவையே இல்லை.

கட்டுரை, ஆராய்ச்சி போன்ற எழுத்தில் ‘இன் விச்’ போடச் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அது மரியாதை விஷயம். மேலாளரின் மெயிலுக்கு ‘வேர்’ போதும்.

12.5.2025

ஓட்டை ஒன்று விட்டுவிட்டேன், கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பிடித்துவிட்டார். ‘இன் 1964 என்று இன் வருகிறதே, 1964 வேர் என்று எழுதலாமா?’

காலத்துக்குத் தனியாக ‘வென்’ இருப்பதால் அது முந்திக்கொள்ளும். ‘தி நைட் வென் தி சைக்ளோன் கேம்.’ ஆனால் ஸ்டேஜ், பாயிண்ட் இரண்டும் காலத்தைச் சொன்னாலும் பிறப்பால் இடச் சொற்கள். அவை ‘வேர்’ஐ விடுவதில்லை. இங்கே கடலுக்குப் போகிறவர்கள் ‘பாயிண்ட்’ என்றால் ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்த இடம். ‘அந்தப் பாயிண்டுல நல்ல மீன்பாடு’ என்பார்கள். ஆபீஸ்காரர் ‘தி பாயிண்ட் வேர் ஐ லாஸ்ட் பேஷன்ஸ்’ என்றால் பொறுமை போன நேரம். சொல் ஒன்றே. ஒருவர் அதன் மேல் வலை போடுகிறார், மற்றவர் கோபப்படுகிறார்.

18.5.2025

மண்டபத்தில் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்த ஒருவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: ‘எங்கட ஆக்கள் கடுதாசியில் தவறுமிடத்து, கிடைக்காதவிடத்து எண்டு எழுதுவினம். அதுவும் இடம்தானே?’

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எத்தனை வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன், இது தோன்றவே இல்லை. ‘வாடகை தரத் தவறுமிடத்து’ என்றால் தவறினால் என்று பொருள். நடுவில் இடம் உட்கார்ந்திருக்கிறது. சட்ட ஆங்கிலத்தில் ‘வேர் தி டெனன்ட் ஃபெயில்ஸ் டு பே’ என்று எழுதுவதும் இதேதான். முன்னால் பெயரே இல்லாமல், ‘எங்கே தவறுகிறாரோ அங்கே’ என்று ஒரு நிலைமையை இடமாக நிறுத்துகிறார்கள். நாமும் ‘ஆராயுமிடத்து’, ‘ஒப்பிடுமிடத்து’ என்று எழுதியவர்கள்தான், இந்தக் கரையில் வழக்கம் குறைந்துபோனது. அந்தக் கரையில் இன்னும் அலுவலகக் கடிதத்தில் இருக்கிறது.

‘வரும் பட்சத்தில்’ என்பதும் இந்தக் குடும்பம்தான். பட்சம் என்றால் பக்கம்.

19.5.2025

‘கேள்விச் சொல்லான வேர் எப்படி இங்கே வந்தது?’ என்று கேட்டவருக்கு: பழைய ஆங்கிலத்தில் இந்த வேலையை ‘தேர்’ என்ற சொல்லின் பழைய உருவம் பார்த்தது. பிற்காலத்தில் கேள்விச் சொல் அந்த இடத்துக்கு வந்தது. நாமும் ‘எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கே’ என்று கேள்விச் சொல்லைத்தான் கொண்டு வருகிறோம். இதில் வியக்க ஒன்றும் இல்லை.

25.5.2025

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். பிறகு அவர் சொன்னது: ஜிபிஎஸ் வருவதற்கு முன் அவர்கள் பார் கிடக்கிற இடத்தைக் கரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். ‘கோபுரமும் டிவி டவரும் ஒண்ணா தெரியிற இடம்.’ அந்த நேர்கோட்டில் போய், வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளம் ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்ததும் நிறுத்துவார்கள்.

ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். முதலில் ‘தி ஸ்பாட் வேர் தி டவர் அண்ட் தி டெம்பிள் மீட்’ என்று வந்தது. தப்பு. கோபுரமும் டவரும் கரையில் இருக்கின்றன, அவை எங்கும் சந்திக்கவில்லை. சந்திப்பது பார்க்கிறவர் கண்ணில். ‘தி ஸ்பாட் ஃப்ரம் விச் தி டூ லுக் லைக் ஒன்.’ ‘ஃப்ரம்’ வந்த பிறகுதான் படகு கடலுக்குப் போனது.

‘தெரியிற இடம்’ என்று அப்பா சொன்னால், எனக்குச் சின்ன வயதிலேயே படகில் உட்கார்ந்து கரையைத் திரும்பிப் பார்ப்பதுதான் மனசில் வரும். உருபு இல்லை, ஆனால் இடம் பிசகியதில்லை. அது சொல்லில் இருக்கிறதா, அப்பாவோடு இரண்டு முறை போய்ப் பார்த்ததில் இருக்கிறதா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

26.5.2025

சினிமா பற்றிக் கேட்டவருக்கு: ‘தி பார்ட் வேர் ஐ க்ரைட்’ தாராளமாகச் சொல்லலாம். ‘நான் அழுத இடம்’ என்று நாமும் சொல்கிறோமே. கதைக்குள் அழுத கட்டம் என்றும் புரியும், தியேட்டர் படிக்கட்டு என்றும் புரியும். ஆங்கிலத்தில் ‘பார்ட்’, ‘ப்ளேஸ்’ என்று பெயரை மாற்றிப் பிரிக்கிறார்கள்.

14.6.2025

இன்றோடு தடைக்காலத்தின் 61 நாளும் முடிகிறது. தெருவில் ஐஸ் வண்டிச் சத்தம். ட்யூஷனுக்கு நாலு பேர்தான் வந்தார்கள், மற்றவர்கள் அப்பாக்களோடு கரையில் இருக்கிறார்கள்.

வந்த நாலு பேரில் தனுஷ்கோடிப் பையனும் ஒருவன். நோட்டைத் திறந்து பழைய வாக்கியத்தை அடித்துவிட்டுக் கீழே எழுதியிருந்ததைக் காட்டினான்: ‘தனுஷ்கோடி, விச் தி சைக்ளோன் டிஸ்ட்ராய்ட் இன் 1964 அண்ட் வேர் மை கிரேட்-கிராண்ட்ஃபாதர் ஹேட் எ டீ ஷாப், இஸ் நியர் மை வில்லேஜ்.’ புயல் அழித்த தனுஷ்கோடி, அவன் பூட்டன் டீக்கடை வைத்திருந்த தனுஷ்கோடி. ஒரே ஊருக்கு ‘விச்’ ஒன்று, ‘வேர்’ ஒன்று, இரண்டும் அதனதன் காலியிடத்தில்.

டீக்கடை இருந்தது உண்மையா என்று கேட்டேன். அப்பத்தா சொன்னது என்றான். பிறகு, ஸ்டேஷனுக்குப் பக்கத்திலா, கடற்கரையிலா என்று கேட்டேன். அதற்கு ‘நியர் விச்’ போடணுமா டீச்சர் என்று பென்சிலை எடுத்தான்.